இரை எடுக்காத விரால்: குடுமியான்மலைக் கண்மாய்க்கரைகளில்

புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால், சமவெளிக்கு நடுவே பாறைக் குன்று ஒன்று எழுந்து நிற்கும். அதுதான் குடுமியான்மலை. விவசாயிகளுக்கு இந்த ஊர் புதிதல்ல. அண்ணா பண்ணைக்குப் பயிற்சிக்கு வந்தவர்கள் உண்டு. 2014-ல் இங்கே தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்த்தவர்களும் உண்டு. ஆனால், வந்த வேலை முடிந்ததும் பெரும்பாலானவர்கள் பேருந்து ஏறிவிடுகிறார்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால், கோயிலையும் பார்க்கலாம். சுற்றுவட்டாரக் கண்மாய்க்கரைகளில் தூண்டில் போடுகிறவர்களிடம் உட்கார்ந்து பாடமும் கேட்கலாம்.

அந்தப் பாடம் விரால் பற்றியது. கெண்டையும் ஜிலேபியும் மண்புழுவைக் கண்டால் கொத்திவிடும். விரால் அப்படியல்ல. கண்முன்னே இரை நகர்ந்தாலும், பின்னாலேயே வந்து பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் திரும்பிப் போகும். 'இந்தக் கண்மாயில் விராலே இல்லை' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பலர். விரால் இருக்கும்; இரை எடுக்க அதற்கு மனமில்லை என்பதுதான் விஷயம். அது ஏன் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் மீன்.

குன்றும் குளமும்

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். குன்றின் அடிவாரத்தில் சிகாநாதசுவாமி கோயில். அம்மன் பெயர் அகிலாண்டேஸ்வரி. மன்னருக்குக் கொடுத்த பூவில் தலைமுடி இருந்ததாகவும், 'சாமிக்குக் குடுமி உண்டு' என்று அர்ச்சகர் சொல்லிச் சமாளித்ததாகவும், அவரைக் காப்பாற்ற லிங்கமே குடுமியைக் காட்டியதாகவும் ஊரில் கதை சொல்வார்கள். குடுமியான் என்ற பெயர் அதிலிருந்து வந்ததாம். பழைய பெயர் திருநலக்குன்றம். முன்மண்டபத்துத் தூண்களில் ஆள் உயரச் சிற்பங்கள் நிற்கின்றன. பின்புறம் பாறையைக் குடைந்து செய்த மேலைக்கோயில். அதன் அருகே பாறைச் சரிவில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு, கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாக வெட்டப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. அண்ணாந்து பார்த்தால், குன்றின் உச்சிப் பாறையில் காளை மேல் அமர்ந்த சிவபெருமானும் உமையும், வரிசையாக அறுபத்துமூவரும் தெரிவார்கள்.

இங்கிருந்து சிறிது தூரத்தில், அன்னவாசலுக்கு அருகே சித்தன்னவாசல். சமணக் குடைவரையின் கூரையில் தாமரைக் குளம் ஒன்றை வரைந்திருக்கிறார்கள். அதில் யானை, எருமை, அன்னம், பூப்பறிக்கும் இளைஞர்கள், இலைகளுக்கு நடுவே மீன்கள். நிறம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. ஆனாலும் மீன்களைக் கண்டுகொள்ளலாம். தூண்டிலோடு யாரும் அந்தக் குளத்தில் இல்லை. கொல்லாமையைப் போற்றிய சமணர்களின் குளம் அது.

தாமரைக் குளத்தை வரைந்த ஓவியர் அதற்காக நெடுந்தூரம் போயிருக்க வேண்டியதில்லை. பெரிய ஜீவநதி எதுவும் இல்லாத இந்த மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்கள் இருக்கின்றன. புதுக்கோட்டை நகரை ஒட்டிய கவிநாட்டுக் கண்மாய் போன்ற பெரியவையும் உண்டு. நாலைந்து குடும்பங்களின் வயலுக்கு மட்டும் பாயும் சிறியவையும் உண்டு. பழைய கண்மாய்களுக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழி. மேல்துளை வழியே நீரும், அடித்துளை வழியே சேறும் வெளியேறும்படி கட்டிய மடை. இப்படி நீரைப் பிடித்து வைத்த ஊர்களில், நீரோடு மீனும் ஊர்ச்சொத்தாகத்தான் இருந்தது. ஏரி மீனுக்கான வரியைப் பாசிப்பாட்டம் என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. இன்று அதையே மீன்பாசி குத்தகை என்கிறோம்.

மூச்சு விட மேலே வரும் மீன்

விராலைப் பிடிக்க வேண்டுமானால் அதன் பிழைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற மீன்களைப் போல் அது செவுளை மட்டும் நம்பி வாழ்வதில்லை. தலைக்குள் காற்றைப் பிடித்து வைக்கும் அறை இருக்கிறது. அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்று எடுத்தே ஆக வேண்டும். நீருக்குள்ளேயே வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால், மீனாக இருந்தும் மூச்சு முட்டிச் செத்துவிடும். கோடையில் கண்மாய் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து, ஈரம் இருக்கும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மழை பெய்தால், ஈரத் தரையில் நெளிந்து அடுத்த பள்ளத்துக்குப் போய்விடும். வானம் பார்த்த பூமிக்கென்றே அமைந்த மீன்.

இரை தேடுவதிலும் தனி வழி. இது விரட்டிப் பிடிக்கும் மீன் அல்ல. பதுங்கியிருந்து பாயும் மீன். தாமரை இலை, கோரை, கருவேலம் முள் கிடக்கும் நிழல் ஆகியவற்றின் ஓரத்தில் அசையாமல் நிற்கும். தவளையோ சிறு மீனோ எல்லைக்குள் வந்தால் ஒரே பாய்ச்சல். அதற்குக் கண்ணும் கூர்மை. உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு, நீரின் சிறு அதிர்வையும் காட்டிக்கொடுத்துவிடும். கரையில் நாம் தொப்பென்று கால் வைத்தால், அது நமக்கு முன்னே விஷயத்தைத் தெரிந்துகொள்ளும்.

மாசி மாதம். கண்மாயில் பாதித் தண்ணீர். அன்னவாசல் பக்கம் நாற்பது ஆண்டுகளாகத் தூண்டில் போடும் விவசாயி ஒருவருடன் கரையில் இருந்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வந்து அரைமணி நேரமாகியும் அவர் தூண்டிலைப் பிரிக்கவே இல்லை.

"என்னண்ணே, போடலையா?"

"இரு தம்பி. யாரு வீட்டுல இருக்கான்னு தெரியாமக் கதவத் தட்டுவியா?"

இலைகளுக்கு நடுவே 'களக்' என்று ஒரு சத்தம். ஒரு வட்டம் விரிந்தது. விரால் காற்று எடுத்துவிட்டு இறங்கியிருக்கிறது. அவர் அந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டார். மறுபடி அதே பக்கம் சத்தம் வரும்வரை காத்திருந்தார். ஒரே மீன் ஒரே இடத்தில் இரண்டு முறை மூச்சு எடுத்தால் அது குடியிருக்கும் இடம். இடம் மாறி எடுத்தால் நடமாடும் மீன் என்பது அவர் கணக்கு.

ஏன் இரை எடுக்கவில்லை?

அவர் கையில் இருந்தது ரப்பர் தவளை. உள்ளே வெற்றிடமாக, மேல்நோக்கி வளைந்த இரட்டை முள்ளோடு இருக்கும். முள் முதுகோடு ஒட்டியிருப்பதால் தாமரை இலையிலும் கொடியிலும் சிக்காது. மீன் வாயில் அமுங்கும்போதுதான் முள் வெளிப்படும். இந்தப் பொய்த்தவளை வெளிநாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவில் பாஸ் என்றொரு மீன் இருக்கிறது. விராலைப் போலவே செடி ஓரத்தில் பதுங்கும் மீன். அதைப் போலி இரையில் பிடிப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்ட பாஸின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது நம் கணக்கில் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். 77 ஆண்டுகள் கழித்து, 2009-ல்தான் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அந்த எடையைத் தொட்டார். தாய்லாந்திலும் மலேசியாவிலும் இதே ரப்பர் தவளையை நம் விராலுக்கே போடுகிறார்கள். மலேசியாவில் விராலின் பெயர் ஹருவான். காயம் ஆற இந்த மீனைக் கொடுப்பது அங்கே வழக்கம்.

கருவி எங்கிருந்து வந்தாலும், மீனின் மனம் அந்தந்தக் கண்மாயின் நிலையைப் பொறுத்தது. விரால் இரை எடுக்காததற்கு ஐந்து காரணங்களை அவர் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் மாற்று வழியும் சொன்னார்.

குளிர். மார்கழி, தை மாதத்து விடியலில் விரால் மந்தமாக இருக்கும். மீனின் உடல் சூடு நீரின் சூட்டோடு சேர்ந்து ஏறி இறங்குவது. நீர் குளிர்ந்தால் செரிமானமும் குறையும், பசியும் குறையும். அந்த நாட்களில் இருட்டோடு எழுந்து போவது வீண். வெயில் ஏறி, கரையோரத்து ஆழமில்லாத தண்ணீர் சூடான பிறகு, காலை 9 மணிக்கு மேல் போடலாம். இரையையும் மிக மெதுவாக நகர்த்த வேண்டும்.

வெயில். பங்குனி, சித்திரையில் இதற்கு நேர்மாறு. விடிந்த முதல் ஒரு மணி நேரமும், பொழுது சாயும் கடைசி ஒரு மணி நேரமும்தான் மீன் வெளியே வரும். நண்பகலில் விரால் இலைக்கூட்டத்தின் அடர்த்தியான நிழலுக்குள் இருக்கும். திறந்த நீரில் வீசிப் பயனில்லை. இலைகளின் மேலேயே தவளையைப் போட்டு, இழுத்து, இரண்டு இலைகளுக்கு நடுவே இருக்கும் கையளவு சந்தில் விழச்செய்ய வேண்டும்.

வயிறு நிறைந்திருப்பது. மழை பெய்து புதுத்தண்ணீர் வந்த வாரத்தில் தவளையும் மீன்குஞ்சும் பெருகிக் கிடக்கும். விராலுக்குத் தேடாமலே சாப்பாடு. பெரிய இரையை அது சீண்டாது. அப்போது இரையின் அளவைக் குறைக்க வேண்டும். சுண்டுவிரல் அளவு ரப்பர் மீனோ சிறிய சுழல் தகடோ நல்லது. வரத்துக்கால் கண்மாயில் சேரும் வாயில் ஓடி வரும் நீருக்கு எதிராகச் சிறு மீன்கள் ஏறும். அவற்றுக்காக விராலும் அங்கே நிற்கும்.

நீர் இறங்குவது. மடையைத் திறந்து பாசனத்துக்கு விட்டால், ஓரத்தில் நிற்கும் மீனுக்குக் கலக்கம் வரும். 'நேற்று நின்ற இடத்தில் இன்று இல்லை' என்று புலம்புவதற்கு முன், மடை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கரையோரத்தை விட்டுவிட்டு, மடைக்கு முன்னே உள்ள பள்ளத்தையும் கரைக்கு மண் எடுத்த குழிகளையும் தேட வேண்டும்.

பயம். "பசிய விடப் பயம் பெருசு தம்பி. பசிச்ச மீன நாளைக்குப் பிடிச்சுக்கலாம். பயந்த மீனு நாளைக்கும் வராது" என்றார். சூரியன் நம் முகத்துக்கு எதிரே இருக்கும்படி நிற்க வேண்டும். அப்போதுதான் நிழல் முதுகுக்குப் பின்னே கரையில் விழும். வெள்ளைச் சட்டை வேண்டாம். கரையில் நடக்கும்போது குதிகாலை ஊன்றாமல் நடக்க வேண்டும். அலைபேசியில் சத்தமாகப் பேசுவதைவிட, கல் உருட்டுவதுதான் மீனுக்குப் பெரிய தொந்தரவு.

வீசும் முறை

இவற்றைச் சொல்லிவிட்டுத்தான் தூண்டிலைப் பிரித்தார். ஏழடிக் கோல். முறுக்கிப் பின்னிய நரம்பு. சாதாரண நைலான் நரம்பு இழுபடும்; தாமரைத் தண்டுக்குள் புகுந்த விராலை வெளியே கொண்டுவர அது போதாது.

மீன் மூச்சு எடுத்த இடத்தின் மேல் அவர் வீசவில்லை. அதைத் தாண்டி நாலைந்து அடி தள்ளி, ஓர் இலையின் மேல் தவளையைப் போட்டார். தலைமேல் விழுந்தால் எந்த உயிரும் மிரளும். இலையில் விழுந்த தவளையைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் விட்டார். மனதுக்குள் பத்து எண்ணினாராம். பிறகு ஒரு சிறு சுண்டல். தவளை நீரில் இறங்கியது. இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம்.

தவளைக்குப் பின்னே நீர் மெல்ல மேடாக எழுந்து ஒரு கோடு போல வந்தது. விரால் பின்தொடர்கிறது. ஓரடி தூரம் வந்ததும் கோடு நின்றது; அப்படியே மறைந்துவிட்டது. இங்கேதான் பலர் அவசரப்பட்டு அதே இரையை அதே வேகத்தில் பத்து முறை வீசுகிறார்கள் என்று அவர் சொன்னார். ஒருமுறை பார்த்து வேண்டாம் என்று விட்ட இரையை, உடனே திரும்பக் காட்டினால் சந்தேகம்தான் கூடும்.

அவர் செய்தது இதுதான். ஐந்து நிமிடம் எதுவும் செய்யவில்லை. பிறகு வேறு கோணத்தில், கரையை ஒட்டி இருபது அடி தள்ளி நின்று வீசினார். இந்த முறை நிறுத்தம் நீண்டது. மீன் பின்தொடரும் கோடு தெரிந்ததும், தவளையை நிறுத்தவில்லை. தப்பி ஓடுவதுபோலச் சட்டென்று வேகம் கூட்டினார். 'டப்' என்று நீர் வெடித்தது.

நான் என்னையறியாமல் கையை மேலே தூக்கினேன். அவர் தூக்கவில்லை. "ஒண்ணு… ரெண்டு…" என்று எண்ணி, நரம்பில் கனம் தெரிந்த பிறகே கோலை இழுத்தார். விரால் முதலில் இரையைக் கவ்வும். பிறகு வாய்க்குள் திருப்பும். சத்தம் கேட்டவுடன் இழுத்தால் தவளை மட்டும்தான் நம் முகத்தை நோக்கிப் பறந்து வரும்.

மீன் கைக்கு வந்தது. முழங்கையளவு. கையை நனைத்துக்கொண்டு பிடித்தார்.

பின்தொடர்ந்து திரும்பும் மீனுக்கு அவர் வைத்திருக்கும் வரிசை: முதலில் வேகத்தை மாற்று; அடுத்து நிறுத்தத்தை நீட்டு; அடுத்து கோணத்தை மாற்று; கடைசியாகத்தான் இரையை மாற்று. மேலே மிதக்கும் தவளையை மூன்று முறை மறுத்த மீன், கீழே மெல்ல இறங்கும் ரப்பர் புழுவை எடுப்பது உண்டு. நிறம் மாற்றுவது எல்லாவற்றுக்கும் பின்னால்தான். கடைக்காரருக்கு நிறம் முக்கியம். மீனுக்கு நடைதான் முக்கியம் என்று சிரித்தார்.

பிடிக்கப் பிடிக்கக் கூச்சம் கூடும்

முன்பெல்லாம் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை என்பது கண்மாய்க்கரையில் எல்லோரும் சொல்வது. அது வெறும் பழம்பேச்சு அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரிட்ஜ் ஏரியில் பாஸ் மீனை வைத்து ஓர் ஆய்வு 1975-ல் தொடங்கியது. பிடித்த ஒவ்வொரு மீனுக்கும் அடையாளம் கட்டி, திரும்ப ஏரியிலேயே விட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஏரியை வடித்துப் பார்த்தபோது 1,700-க்கும் மேற்பட்ட மீன்கள் இருந்தன. சில மீன்கள் பலமுறை சிக்கியவை. சுமார் 200 மீன்கள் ஒருமுறைகூடத் தூண்டில் பக்கம் வராதவை. எளிதில் சிக்கியவற்றைத் தனியாகவும் சிக்காதவற்றைத் தனியாகவும் இனம் பெருக்கினார்கள். மூன்று தலைமுறைக்குள், சிக்காத மீன்களின் வாரிசுகள் சிக்குவது தெளிவாகக் குறைந்தது. இரை எடுக்கும் துணிச்சல் பெருமளவு பிறப்போடு வருகிறது என்பது தெரிந்தது.

விதைநெல் எடுக்கத் தெரிந்த விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல கதிரையெல்லாம் ஆக்கித் தின்றுவிட்டு, மிஞ்சியதை விதைத்தால் என்ன ஆகும்? கண்மாயிலும் அதுதான் நடக்கிறது. துணிந்து வரும் மீனையெல்லாம் எடுத்துவிட்டால், கூச்சமுள்ளவை மட்டும் பெருகும்.

அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். எளிதில் சிக்கும் ஆண் பாஸ்தான் கூட்டைக் காப்பதிலும் கெட்டிக்காரன். எதிரியைக் கண்டால் பாய்வது அதன் குணம். தூண்டில் இரையின் மேல் பாய்வதும் அதே குணம்.

விட்டுவிட வேண்டிய கடி

இது நம் விராலுக்கு நேராகப் பொருந்தும். புதுநீர் வரும் மழைக்காலத்தில் விரால் சோடி சேர்ந்து, செடிகளுக்கு நடுவே வட்டமாக இடம் ஒதுக்கி முட்டை விடும். முட்டை மிதக்கும், ஓரிரு நாளில் பொரிக்கும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாக நகரும். நீரின் மேல் குங்குமம் தூவியதுபோல, மழைத்துளி விழுவதுபோலப் பொடிப்பொடியாகக் கொப்பளிக்கும். அடியில் பெற்ற மீன் நிற்கும். குஞ்சுகள் தாமே பிழைக்கும்வரை அதன் காவல் தொடரும்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே ரப்பர் தவளையைப் போட்டால், பசியே இல்லாத விராலும் நிச்சயம் பாயும். எவ்வளவு கூச்சமுள்ள மீனானாலும் பாயும். தூண்டில்காரருக்கு அதைவிடச் சுலபமான மீன் கிடையாது. ஆனால், அந்தக் கடி இரைக்கானது அல்ல. பிள்ளையைக் காக்கும் கடி. தாயோ தகப்பனோ போன பிறகு, குஞ்சுக் கூட்டம் ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் நீர்ப்பறவைக்கும் இரையாகிவிடும். ஒரு மீனுக்காக ஒரு கூட்டமே போய்விடும்.

"செவப்புக் குஞ்சு தெரிஞ்சா நான் கோலச் சுருட்டிருவேன். அடுத்த வருசம் எனக்குச் சோறு போடப் போறது அதுதான தம்பி?" என்றார் அவர்.

விரால் குஞ்சைப் பண்ணையில் பெருக்குவது எளிதல்ல. ஒன்றை ஒன்று தின்னும் குணம் அதற்கு உண்டு. ஆகவே, கண்மாயில் இயற்கையாகப் பொரிக்கும் குஞ்சுகளின் மதிப்பு அதிகம். நாட்டு மீன்களில் விராலுக்குத்தான் சந்தையில் நல்ல விலையும்கூட. குத்தகைக்காரருக்கும் ஊருக்கும் அது லாபம். வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி எங்காவது கண்மாய்க்குள் புகுந்தால், குஞ்சுகளுக்கு ஆபத்து இன்னும் கூடும். அதைப் பிடித்தால் திரும்ப நீரில் விடாதீர்கள்.

கோடையில் ஊர்த் திருவிழா

கோடையில் கண்மாய் வற்றும்போது, அன்னவாசல், இலுப்பூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் கரையில் சாமி கும்பிட்டு, வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஊத்தா, கச்சா, தூரி, வலையோடு இறங்குவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, குறவை, அயிரை என்று கிடைத்ததை விற்காமல் வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிடுவது வழக்கம். சாதி, ஊர் பேதமில்லாமல் எல்லோரையும் இறங்கவிட்டால் அடுத்த ஆண்டு மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை. அந்தச் சேற்றில் தப்பிப் புதைந்து கிடக்கும் விரால்தான் அடுத்த மழைக்கு விதை.

போகிறவர்கள் கவனிக்க

கண்மாயில் தூண்டில் போடுவதற்கு முன், மீன்பாசி குத்தகை யாரிடம் இருக்கிறது என்று ஊரில் கேட்டு, அவரிடம் அனுமதி பெறுங்கள். குடிநீர் ஊருணியில் தூண்டில் போடாதீர்கள், காலும் வைக்காதீர்கள். அறுந்த நரம்பையும் முள்ளையும் கரையில் விட்டு வராதீர்கள். மேயும் ஆடு மாட்டின் வாயிலும், கொக்கின் காலிலும் அது மாட்டும். இடி மின்னல் நேரத்தில் நீளமான கோலோடு வெட்டவெளிக் கரையில் நிற்கக் கூடாது. கோயிலுக்குக் காலை வேளையில் போவது நல்லது. வெயில் ஏறினால் பாறை சுடும்.

வாசகர் கேள்விகள்

*ரப்பர் தவளைக்குப் பதில் வயலில் பிடித்த உயிர்த் தவளையைக் கோர்த்தால் விரால் உடனே எடுக்குமே?*

எடுக்கும். ஆனால் வயலில் பூச்சியைத் தின்னும் கூலியில்லா வேலையாள் தவளை. தவளைக்கால் ஏற்றுமதிக்காகக் கணக்கில்லாமல் பிடித்த காலம் ஒன்று இருந்தது. அந்த ஏற்றுமதியை 1987-ல் நம் நாடு தடை செய்தது. பெரிய தவளை வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வருகிறது. ஒரு ரப்பர் தவளை வாங்கினால் பல மாதம் வரும். தவளை வயலிலேயே இருக்கட்டும்.

*பாய்ந்து கவ்வுகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் தப்பிவிடுகிறது. ஏன்?*

மூன்று விஷயங்களைப் பாருங்கள். முள்ளின் நுனி மழுங்கியிருக்கலாம். நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும். ரப்பர் கெட்டியாக இருந்தால் மீன் வாயில் அமுங்காது, முள் வெளிவராது. விரலால் அழுத்தினால் சுலபமாக அமுங்குகிற தவளையை வாங்குங்கள். மூன்றாவது, சத்தத்தைக் கேட்டு இழுக்காதீர்கள். கனத்தை உணர்ந்து இழுங்கள். தப்பிய மீன் இடம் விட்டுப் போய்விடவில்லை என்றால், சில நிமிடம் கழித்து சிறிய இரையை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

*பண்ணைக்குட்டையில் கெண்டையோடு விராலும் விடலாமா?*

கெண்டைக் குஞ்சுகள் சிறியதாக இருக்கும்போது விட்டால், விரால் அவற்றைத் தின்றுவிடும். தனிக் குட்டையில், ஒரே அளவுள்ள குஞ்சுகளாகத் தரம் பிரித்து விடுவதே நல்லது. அளவு வேறுபட்டால் பெரியது சிறியதைத் தின்னும். மழையில் குட்டையை விட்டு நெளிந்து வெளியேறும் என்பதால் சுற்றிலும் வலைவேலி அவசியம். புதுக்கோட்டை மாவட்ட விவசாயிகள் இறங்குவதற்கு முன் மீன்வளத் துறை அலுவலகத்திலோ, வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள்.

*சிறிய விரால் சிக்கினால் விட்டுவிடலாமா? பிழைக்குமா?*

ஓரடிக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள். அது இன்னும் ஒருமுறைகூட முட்டை விடாததாக இருக்கலாம். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள்; உலர்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்காதீர்கள். முள்ளின் கொக்கியை முன்கூட்டியே குறடால் அமுக்கி வைத்தால் கழற்றுவது சுலபம். காற்றில் மூச்சு விடும் மீன் என்பதால், சில நிமிடம் வெளியே இருந்தாலும் விரால் தாங்கும். வெயிலில் சுடும் கரைமேல் மட்டும் போடாதீர்கள். ஈரப்புல்லில் வைத்துக் கழற்றி, வீசாமல் நீரில் இறக்கி விடுங்கள்.